மண்வெட்டி ஏந்திய சமாதானத் தொண்டர்

சமாதானம் என்றதும், நாட்டுத் தலைவர்களும் மந்திரிகளும் மேசையைச் சுற்றியிருந்து ஒப்பமிடும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. மையால் எழுதப்பட்ட அத்தகைய உடன்படிக்கைகள் எத்தனை முறை இரத்தத்தால் அழிக்கப்பட்டன என்பதைச் சரித்திரம் அறியும். கை நோக மண் சுமந்து நாடுகளிடையே நட்பை வளர்க்க முயன்ற பெரியார் ஒருவரின் வாழ்க்கையை இங்கே சிந்திப்போம்.

பியேர் செரெசோல் 1879ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் 1873இல் அந்நாட்டின் சனாதிபதியாக விளங்கியவர். மைந்தரோ கணிதமும் பொறியியலும் கற்றுத் தேர்ந்தார். செல்வமும் குலப்பெருமையும் கல்வியும் ஒருங்கே வாய்த்த அவருக்கு எந்த உயர்பதவியும் எட்டாக் கனியன்று. ஆயினும், தாம் உழைத்துத் தேடாத பொருள் தமக்குரியதன்று எனத் துணிந்து, தந்தைவழி வந்த செல்வத்தை அரசாங்கத்துக்கே கையளித்தார். அமெரிக்கா, ஹவாய், யப்பான் ஆகிய இடங்களிற் சில ஆண்டுகள் உழைத்து உண்டு, பல இன மக்களோடும் பழகினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் தாயகம் மீண்டிருந்த அவர், படைச் சேவைக்கு ஈடாக விதிக்கப்பட்ட வரியைச் செலுத்த மறுத்துச் சிறை சென்றார். கிறித்தவராகிய அவர், பகைவரையும் நேசிக்குமாறு இயேசுநாதர் போதித்ததை ஏட்டளவில் நிறுத்த விரும்பவில்லை.

போரை மறுத்தல் மட்டும் போதுமா? போர்வீரன் தன் உடலையும் உயிரையும் நாட்டுக்குக் கொடுக்கின்றான். போரை மறுப்பவன் அவனுக்குக் குறையாத உழைப்பைக் கொடுத்தாலன்றோ அவன் மறுப்புக்கு மதிப்புண்டு? இவ்வெண்ணமே செரெசோலைச் செயலிற் புகுத்தியது. 1916ஆம் ஆண்டின் வேர்டன் போரிற் பாழடைந்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்துக்கு, 1920இல் ஒரு சிறு தொண்டர் குழுவோடு சென்றார். அக்குழுவில் ஜேர்மனியரும் இருந்தனர். குண்டுகள் தோண்டிய குழிகளை நிரப்பினர், வீதியைச் செப்பனிட்டனர், வீடிழந்தோர்க்கு மரக்குடில்கள் அமைத்தனர். ஆனால் போரின் புண் ஆறாத நெஞ்சங்கள் ஜேர்மனியரை ஏற்க மறுத்தன. சில மாதங்களில் எதிர்ப்பு வலுத்தது. ஜேர்மனியத் தோழரை அனுப்பிவிட்டு வேலையைத் தொடர மற்றையோர் மனங்கொள்ளவில்லை. அனைவரும் ஒன்றாகவே வெளியேறினர்.

முதன்முயற்சி இவ்வாறு முடிந்தும் அவர் தளர்ந்தாரல்லர். 1924இல் பனிச்சரிவாற் சேதமுற்ற சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில் மீண்டும் பணி தொடங்கியது. 1927இல் ரைன் நதி கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களை மணலாலும் கல்லாலும் மூடியபோது, அடுத்த ஆண்டு பல நாடுகளிலிருந்தும் ஏறக்குறைய 700 தொண்டர்கள் வந்து அந்நிலத்தை மீட்டனர். மாணவரும் தொழிலாளரும் ஒரே பந்தியில் உண்டனர். சர்வதேசத் தன்னார்வத் தொண்டுச் சேவை என்னும் இயக்கம் இவ்வாறு உருப்பெற்றது.

1934 சனவரி 15ஆந் திகதி பீகாரைப் பெரும் பூகம்பம் குலுக்கியது. ஐம்பது வயதைக் கடந்திருந்த செரெசோல் கடல் கடந்து பாரதம் சென்றார். இராஜேந்திர பிரசாத் முதலிய தலைவர்கள் நிவாரணப் பணியை நடத்திய அம்மாநிலத்தில், 1937 வரை மும்முறை தங்கி, வெள்ளத்துக்கு அஞ்சிய கிராமத்தவர்க்கு மேட்டுநிலத்தில் வீடுகள் அமைக்க உழைத்தார். அவருடன் சென்ற ஐரோப்பியத் தொண்டர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பேரழிவின் முன் அவர்கள் கட்டிய வீடுகள் மிகச் சிலவாகலாம். எனினும், ஆள்வோர் இனத்தவராய் மட்டுமே வெள்ளையரைக் கண்டு பழகிய கிராமத்தார், தம்மோடு கூட மண் சுமக்கும் வெள்ளையரை அங்கே கண்டனர்.

இரண்டாம் உலகப் போரை இத்தொண்டு தடுக்கவில்லை. அப்போர்க் காலத்திலும் அவர் அனுமதியின்றி ஜேர்மனிய எல்லையைக் கடந்து, சமாதானம் பேசச் சென்று சிறைப்பட்டார். உடல்நலங் குன்றி 1945 ஒக்டோபரில் மறைந்தார். படைச் சேவைக்குப் பதிலாகச் சமூகச் சேவை செய்யும் உரிமையை அவர் 1920களிலேயே வேண்டி நின்றார். அதனைச் சுவிஸ் மக்கள் 1992இல் வாக்களித்து ஏற்றனர். 1996இல் அது சட்டமாய் நடைமுறைக்கு வந்தது. அவர் தொடக்கிய இயக்கமோ இன்றும் பல நாடுகளில் இளைஞரை ஒன்றுகூட்டி உழைக்கச் செய்கின்றது.

உழவாரப்படை தாங்கிய அப்பர் சுவாமிகளைப் போற்றும் நமக்குக் கைத்தொண்டின் பெருமை புதிதன்று. நாம் சிந்திக்கவேண்டியது, அத்தொண்டை யாரோடு சேர்ந்து செய்கின்றோம் என்பதே. நம்மவரோடு கூடிப் பணிசெய்தல் எளிது. நம்மொழி அறியாதவரோடும், நம்மீது மனக்கசப்புற்றவரோடும் ஒரே வாய்க்காலை வெட்டத் துணிவோமா? இளைஞர்களாகிய நாம் அதற்குத் துணிவோமாயின், மூத்தோர் தம் ஆசியையும் அனுபவத்தையும் நமக்கு நல்குவார்களாக.