எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

இக்காலத்தில் நம் ஜனங்களை ஆளும் கட்டளைகள் இருவகைப்படும். சட்டசபையில் இயற்றப்பெற்று கெஜட்டில் அச்சாவன ஒரு வகை. கணிப்பொறிகளுக்குள்ளே எழுதப்பட்டு எவர் கண்ணுக்கும் படாதிருப்பன மற்றொரு வகை. முன்னதன் ஒவ்வொரு ஷரத்தைக் குறித்தும் நாம் மேடையேறி வாதாடுகிறோம். பின்னதைக் குறித்து வாய் திறப்பாரில்லை. ரேஷன் அரிசி அளக்கலாமா கூடாதா, பாங்கிக் கணக்கில் மீதி எவ்வளவு, பட்டாவில் இருப்பது எவர் பெயர் என்பவற்றையெல்லாம் இன்று சொல்லுவன அந்த இரண்டாம் வகைக் கட்டளைகளே. அவை தெளிவாக எழுதப்படவேண்டும், எழுதியவன் அல்லாத பிறனும் படித்துப் பார்த்துச் சரியென்று தீர்மானிக்கக் கூடியவையாக இருத்தல் வேண்டும் என்பதற்காகவே தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை இன்று எழுதப் புகுந்தோம். ஹாலந்து தேசத்தவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் பெயரைக் கணிப்பொறித் தொழிலில் உள்ளார் அனைவரும் அறிவர். பொதுவாழ்வில் உழைக்கும் நம் நேயர்களும் அறியவேண்டும் என்பது நமது விருப்பம்.

டைக்ஸ்ட்ரா 1930-ஆம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் ரசாயன சாஸ்திரம் போதித்த உபாத்தியாயர். தாயார் கணிதத்தில் வல்லவர். திரிகோண கணிதம் கடினமோ என்று மகன் வினவியபொழுது, சூத்திரங்களை நன்றாக அறிந்துகொள்ள வேண்டுமென்றும், ஒரு கணக்குக்கு ஐந்து வரிகளுக்கு மேல் தேவைப்பட்டால் வழி தவறிவிட்டதென்று உணரவேண்டுமென்றும் அவ்வம்மையார் சொல்லிவைத்தார். மகன் அதை மறக்கவேயில்லை. அவருக்குப் பத்து வயது நிரம்பிய மூன்றாம் நாள் ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாமின் நடுப்பாகத்தைத் தரைமட்டமாக்கின. யுத்தம் முடிந்து ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் தோன்றியபொழுது, சட்டம் படித்து அச்சபையில் தம் தேசத்தின் பிரதிநிதியாக அமரவேண்டுமென்று அவ்விளைஞர் எண்ணியதுண்டு. ஆனால் கணிதத்திலும் பௌதிகத்திலும் அவர் பெற்ற மார்க்குகளைக் கண்ட பெரியோர்கள் விடவில்லை. வக்கீல் தொழில் ஒருவரை இழந்தது. நாமும் அத்தொழிலைச் சார்ந்தவராகையால் இதைச் சிறிது வருத்தத்துடனேயே எழுதுகிறோம்.

லெய்டன் சர்வகலாசாலையில் பௌதிகம் படித்துக்கொண்டிருக்கையில், 1951-இல் கேம்பிரிட்ஜில் நடந்த மூன்று வார வகுப்புக்குச் சென்று, கணிப்பொறிக்குக் கட்டளைக் கோவை, அதாவது புரோகிராம், எழுதும் வித்தையைக் கற்றார். மறுவருஷம் ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தில் அவ்வேலையிலேயே அமர்ந்தார். அங்கே ஒரு சங்கடம் முளைத்தது. பௌதிகம் மதிப்புள்ள சாஸ்திரம். புரோகிராம் எழுதுவதற்கு என்ன சாஸ்திரம் இருக்கிறது? ஒருவன் தன் அறிவை எதனால் நிரூபிப்பான்? 1955-இல் தம் மேலதிகாரி வான் வைங்கார்டனிடம் இக்குறையைச் சொல்லிக்கொண்டார். அவர் அதை மறுக்கவில்லை. அந்தச் சாஸ்திரம் இன்னும் பிறக்கவில்லையென்றும், அதைப் பிறப்பிக்கப் போகிறவர்களில் டைக்ஸ்ட்ராவும் ஒருவராக ஏன் இருத்தலாகாதென்றும் திருப்பிக் கேட்டார். அறையை விட்டு வெளியே வந்தபொழுது டைக்ஸ்ட்ராவின் வாழ்க்கை நிர்ணயமாகிவிட்டது.

1957-இல் அவர் விவாகம் செய்துகொண்டபொழுது நடந்தது வேடிக்கையானது. விவாகப் பத்திரத்தில் தம் தொழிலைப் புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாதென்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சியார் மறுத்துவிட்டனர். பௌதிக சாஸ்திரி என்று பதிவு செய்துகொள்ள நேர்ந்தது.

அம்மணமகளோடு அதற்கு முந்திய வருஷம் கடைவீதிக்குச் சென்று, களைப்பு நீங்கக் காப்பிக் கடையொன்றின் வெளிப்புறத்தில் அமர்ந்திருந்தபொழுதே அவருடைய பெயரை உலகறியச் செய்த விடை அவருக்குத் தோன்றியது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மிகவும் குறுகிய வழி எது? நிலையத்தாரின் புதிய யந்திரத்தைப் பொதுஜனங்களுக்குக் காட்டுவதற்கு யாவருக்கும் விளங்கும் ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஹாலந்திலுள்ள 64 ஊர்களின் வழிப்படத்தை எடுத்துக்கொண்டார். புறப்பட்ட ஊருக்கு மிக அருகிலுள்ள ஊரை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அதன் வழியாகச் சென்றால் மற்ற ஊர்களின் தூரம் குறையுமாயின் அதைத் திருத்திக்கொண்டு, எஞ்சியவற்றுள் மிக அருகிலுள்ளதை அடுத்து நிச்சயிக்க வேண்டும். இவ்வாறே சென்றால் ஊர் வந்து சேரும். முறை இவ்வளவே. இருபது நிமிஷத்தில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் இதை வகுத்தார். அவை இல்லாதிருந்ததே நன்மையாயிற்று என்பது அவருடைய பிற்கால அபிப்பிராயம். மனத்திலேயே முழுவதும் தாங்கவேண்டியிருந்ததால் வேண்டாத சிக்கலுக்கு இடமில்லாமற் போயிற்று. 1959-இல் மூன்று பக்கக் கட்டுரையாக அது வெளியாயிற்று. இன்று கைப்பேசியில் வழி கேட்கிறவர்களுக்கு விடை தரும் முறைகளுக்கெல்லாம் அம்மூன்று பக்கங்களே மூதாதை.

1960-இல் ஸோனவெல்ட் என்ற தோழருடன் கூடி, ஆல்கால் என்னும் புதிய மொழியில் எழுதப்பட்டவற்றை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றும் புரோகிராம் ஒன்றைச் செய்துமுடித்தார். முடியும்வரை க்ஷவரம் செய்துகொள்வதில்லையென்று இருவரும் விரதம் பூண்டனர். முடிந்தபின் தோழர் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா ஆயுள் முழுவதும் வைத்துக்கொண்டார்.

1962-இல் ஐந்தோவன் நகரத்துத் தொழிற்கலாசாலைக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே ஒரு சிறு கூட்டத்தாருடன், ஒரே யந்திரத்தில் பல வேலைகள் ஏககாலத்தில் நடைபெறுவதற்கான நிர்வாக அமைப்பு ஒன்றை வகுத்தார். அதை அடுக்கடுக்காகக் கட்டினார் என்பதே விசேஷம். அடியிலுள்ள அடுக்கு மேலுள்ளதை அறியாது. மேலுள்ளது அடியிலுள்ளதை நம்பி நிற்கும். ஓர் அடுக்கு சரியென்று தெளிந்த பிறகே அடுத்ததை ஏற்றுவார்கள். இரண்டு வேலைகள் ஒரே பொருளுக்குப் போட்டியிடாதிருக்க, ரெயில்வே கைகாட்டியைப் போன்ற ஓர் ஏற்பாட்டையும் செய்தார். இன்றும் அது அப்பெயராலேயே வழங்குகிறது.

1968-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய சிறு கடிதம் பெரும் புயலைக் கிளப்பிற்று. அக்காலத்துப் புரோகிராம்களில் இன்ன இடத்துக்குத் தாவு என்று ஒரு கட்டளை மிகுதியாக வழங்கிவந்தது. அதை ஒழிக்கவேண்டும் என்றார் டைக்ஸ்ட்ரா. இதன் நியாயம் வக்கீல்களுக்கு எளிதில் விளங்கும். 12-வது பிரிவைப் படித்தால் அது 31-வது பிரிவுக்கு உட்பட்டதென்றிருக்கும். அங்கே சென்றால் மூன்றாவது அட்டவணைக்கு ஓடச் சொல்லும். அட்டவணையோ ஒரு விதிவிலக்கைக் காட்டி மறுபடியும் 12-வது பிரிவுக்கே திருப்பிவிடும். இத்தகைய சட்டத்தால் வக்கீலுக்கு வரும்படி உண்டு. குடிகளுக்கு நியாயம் உண்டோ? படிக்கிறவனுடைய கண் மேலிருந்து கீழே வரிசையாகச் செல்லுகிறது. யந்திரம் காரியம் செய்யும் வரிசையும் கூடியவரையில் அதையே ஒத்திருக்க வேண்டும் என்பது டைக்ஸ்ட்ராவின் கொள்கை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், நிபந்தனை பார்த்து இரண்டிலொன்றைச் செய்தல், நிபந்தனை உள்ளவரை திரும்பச் செய்தல் என்ற மூன்று வடிவங்களைக் கொண்டே தெளிவாக எழுதலாகும் என்பது அவரைப் பின்பற்றினோர் நிலைநாட்டிய முறை. எதிர்ப்பு பலமாக இருந்தது. டானல்ட் கனூத் என்ற அமெரிக்க அறிஞர் 1974-இல் அக்கட்டளை பயன்படும் சில இடங்களை எடுத்துக்காட்டி நடுநிலையில் எழுதினார். அது நியாயமே என்பது நமது கருத்து. ஆயினும் பொதுவில் வெற்றி டைக்ஸ்ட்ராவுக்கே. இன்று பெருவழக்காயுள்ள ஜாவா, பைத்தான் மொழிகளில் அக்கட்டளை கிடையாது.

அவருடைய மற்றொரு கொள்கை இதைவிட முக்கியமானது. பரீட்சித்துப் பார்ப்பதால் பிழை இருப்பதைக் காட்டலாமேயொழிய, பிழை இல்லையென்பதை ஒருபொழுதும் காட்ட முடியாது என்று அவர் இடைவிடாது சொல்லிவந்தார். ஆகவே எழுதிவிட்டுப் பிறகு சோதிப்பது போதாது. சரியென்பதற்குரிய நியாயமும் எழுதும்பொழுதே கூட வளர்ந்துவரவேண்டும். இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. அவர்கள் இங்கிலாந்தின் தபாலாபீஸ் விவகாரத்தைப் பார்க்கட்டும். ஹொரைஸன் என்ற கணக்குப் புரோகிராம் 1999 முதல் அந்நாட்டு உபதபாலாபீஸ்களில் புகுத்தப்பட்டது. அதிலிருந்த பிழைகளால், தொலையாத பணம் தொலைந்ததாகக் கணக்கில் தோன்றிற்று. யந்திரம் ஒழுங்காக வேலை செய்ததென்றே கொள்ளவேண்டும், மாறாகச் சொல்லுபவனே அதற்கு ஆதாரம் காட்டவேண்டும் என்பது கோர்ட்டு வழக்கு. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று அறிய வழியில்லாத ஏழை போஸ்ட்மாஸ்டர் எதைக் கொண்டு ஆதாரம் காட்டுவார்? 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளெனத் தீர்மானிக்கப்பட்டனர். சிலர் சிறை புகுந்தனர். சிலர் களங்கம் நீங்குமுன்னரே மாண்டனர். 2024-இல் பார்லிமெண்டு தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை ஒருசேர ரத்து செய்ய நேர்ந்தது. தெளிவாக எழுதுவது பண்டிதர்களின் பொழுதுபோக்கா, குடிகளின் உரிமையா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

1972-இல் கணிப்பொறித் துறையின் தலையாய பரிசாகிய டூரிங் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசு பெற்ற பெருமிதத்தில் பேசவேண்டிய சபையில் அடக்கத்தைப் பற்றியே பேசினார். யந்திரங்கள் பெருக்கின்றன, மனிதனுடைய மண்டையின் அளவு பெருகுவதில்லை. இதையறிந்த புரோகிராமர் சாமர்த்திய வித்தைகளைக் கொள்ளைநோய்போல் விலக்கி, தன் அறிவுக்கு அடங்குமளவில் காரியத்தைச் சிறுகூறாக்கிக் கொள்ளவேண்டும் என்றார். அடக்கத்தைப் போதித்தவர் பேச்சில் அடக்கமாயிருந்தார் என்று சொல்ல இயலாது. பிறர் செய்த மொழிகளையும் முறைகளையும் ஈவிரக்கமின்றித் தாக்கினார். அவர் நாவுக்கு அஞ்சாதார் சிலரே. வியாபார உலகின் அவசரங்களை அவர் சிறிதும் பொருட்படுத்தாததும் ஒரு குறையே. ஆனால் பிறருக்கு விதித்ததைத் தமக்கும் விதித்துக்கொண்டார் என்பதை எதிரிகளும் ஒப்புவர்.

1973 முதல் பர்ரோஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆராய்ச்சியாளராக, நூனென் கிராமத்திலுள்ள தம் இல்லத்திலிருந்தே வேலை செய்தார். 1984-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்குச் சென்று, 1999 வரை ஆஸ்டின் நகரில் போதித்தார். கணிப்பொறிச் சாஸ்திரத்தின் பிதாக்களில் ஒருவரான இவர் தம் எழுத்துக்குக் கணிப்பொறியை நாடவில்லை. பௌண்டன் பேனாவால், அடித்தல் திருத்தல் அரிதான அழகிய கையெழுத்தில் எழுதி, எண்ணிட்டு, நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். பெற்றவர்கள் மேலும் நகலெடுத்துப் பரப்புவார்கள். அச்சுக்கூடமும் விளம்பரமும் இன்றி உலகம் சுற்றிய அக்கட்டுரைகள் 1300-க்கு மேற்பட்டவை. முழுவாக்கியமும் மனத்தில் அமைந்த பின்னரே பேனாவை எடுப்பாராம். அன்றாடம் காலத்துடன் ஓடிப் பத்தி நிரப்பும் நம்போன்றோர்க்குப் பொறாமை உண்டாவது இயல்பு.

கடைசிக் காலத்தில் புற்றுநோயால் பீடிக்கப்பட்டு நூனென் கிராமத்துக்குத் திரும்பினார். அங்கே 2002-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி, தமது 72-வது வயதில் காலமானார். அவர் எண்ணிட்டு அனுப்பிய கடிதங்களைத் திரட்டிய டெக்ஸாஸ் சர்வகலாசாலையார், எவரும் விலையின்றிப் படிக்கும்படி அவற்றை அவர் கையெழுத்திலேயே வெளியிட்டிருக்கின்றனர்.