நிலா வெளிச்சத்தில் ஆக்கி பழகிய சிப்பாய்

1928-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி. பம்பாய் துறைமுகம்.

கப்பல் புறப்படத் தயாராக நின்றது. அதில் இந்திய ஆக்கி குழு ஐரோப்பாவுக்குப் பயணமாகிறது. ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா ஆக்கி ஆடப் போவது அதுவே முதல் தடவை. வழியனுப்ப எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? மூன்றே மூன்று பேர்!

சில மாதங்கள் சென்றன. அதே குழு அதே துறைமுகத்தில் வந்து இறங்கியது. இப்போது கரை கொள்ளாத கூட்டம்.

இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒருவர்கூட ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. டெலிவிஷன் இல்லாத காலம் அது. வெளிநாட்டு ஆட்டத்தை வீட்டில் இருந்தபடி கேட்க ரேடியோ வர்ணனையும் கிடையாது. தந்தியில் வந்த முடிவு பத்திரிகையில் நாலு வரிச் செய்தியாக வரும். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவ்வளவுதான்.

அந்த நாலு வரியில் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் தயான்சந்த்.

மல்யுத்த ஆசை

1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தயான்சிங். தந்தை ராணுவத்தில் வேலை பார்த்தார். அவரும் ஆக்கி ஆடுவார்.

பட்டாளத்தில் இருப்பவருக்கு ஒரே ஊரில் இருக்க முடியுமா? இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு குடும்பமும் பின்னால் போகும். அதனால் பையனின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்றுவிட்டது. கடைசியில் ஜான்சி நகரில் குடும்பம் நிலைத்தது.

சிறு வயதில் தயான்சிங்குக்கு ஆக்கியில் பெரிய ஆசை எதுவும் இல்லை. மல்யுத்தம் என்றால்தான் உயிர். எப்போதாவது தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து பந்து அடிப்பது உண்டு. நம்முடைய சாத்தான்குளம் தேரியில் பிள்ளைகள் பனைமட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடுவார்களே, அதைப் போல ஒரு பொழுதுபோக்கு. இந்தப் பையனை உலகம் கொண்டாடும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இரவில் பயிற்சி

1922-ம் ஆண்டு தயான்சிங்குக்கு 17 வயது நிறைந்தது. அவரும் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

அங்கே பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் இருந்தார். ஆக்கிப் பைத்தியம். அவர் கண்ணில் இந்தப் புதுச் சிப்பாய் பட்டார். மட்டை பிடிக்கும் முறை முதல் அவர் சொல்லிக் கொடுத்தார்.

பகலில் சிப்பாய்க்கு வேலை சரியாக இருக்கும். ஆகவே வேலை முடிந்த பிறகு, இரவில் நிலா வெளிச்சத்தில் தயான்சிங் தனியாகப் பந்து அடித்துப் பழகுவார். சந்த் என்றால் இந்தியில் சந்திரன். நிலா வந்தால் மைதானத்துக்கு வந்துவிடும் சிப்பாயை நண்பர்கள் தயான்சந்த் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள். அதுவே அவர் பெயராக நிலைத்துவிட்டது.

நாலு வருடம் பட்டாளத்துக் குழுக்களில் ஆடினார். 1926-ல் ராணுவக் குழு நியூசிலாந்து சென்றபோது அவருக்கும் இடம் கிடைத்தது. அங்கே ஆடிய 21 ஆட்டங்களில் 18-ல் வெற்றி. திரும்பி வந்ததும் பதவி உயர்வு கிடைத்தது. என்ன பதவி? லான்ஸ் நாயக். சிப்பாய்க்கு ஒரு படி மேலே. போட்ட கோல்களுக்குக் கிடைத்த பரிசு அவ்வளவுதான். 2024-ல் நடந்த ஆக்கி லீக் ஏலத்தில் ஓர் ஆட்டக்காரருக்கு 78 லட்சம் ரூபாய் விலை போனது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஒரு கோல்கூட வாங்கவில்லை

1928-ல் ஒலிம்பிக் பந்தயம் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்தது. இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடியது. மொத்தம் 29 கோல் போட்டது. எதிரிகளிடம் ஒரு கோல்கூட வாங்கவில்லை! 29-ல் தயான்சந்த் போட்டவை 14. இந்தியாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

வழியனுப்ப மூன்று பேர் வந்த குழுவை வரவேற்கக் கூட்டம் அலைமோதியது இதனால்தான்.

அடுத்த ஒலிம்பிக் 1932-ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அதற்கு ஆட்களைப் பொறுக்கும் போட்டியில் ஆடத் தயான்சந்துக்கு லீவு தர அவருடைய படைப்பிரிவு மறுத்துவிட்டது. ஆனாலும் ஆக்கி சங்கத்தார் கவலைப்படவில்லை. சோதித்துப் பார்க்காமலே அவரைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். தம்பி ரூப்சிங்குக்கும் இடம் கிடைத்தது.

போகிற வழியில் கப்பல் கொழும்பில் நின்றது. அங்கே இரண்டு ஆட்டம் ஆடினார்கள். ஒன்றில் 20 கோல், இன்னொன்றில் 10 கோல். இலங்கைக்காரர்கள் பதிலுக்கு ஒன்றுகூடப் போட முடியவில்லை. அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பல் ஏறியும் தனுஷ்கோடி வழியாகவும் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் பலர் கொழும்புக்குப் பிழைக்கப் போனார்கள். அவர்களில் யாராவது கடையை அடைத்துவிட்டு அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால், அவர்கள் பாக்கியசாலிகள்!

லாஸ் ஏஞ்சல்சில் ஜப்பானை 11-1 என்று ஜெயித்தார்கள். அமெரிக்காவை எப்படி ஜெயித்தார்கள் தெரியுமா? 24-1! அந்த 24-ல் தம்பி போட்டது 10. அண்ணன் போட்டது 8.

ஒரே பயணத்தில் 48 ஆட்டம்

1935-ல் தயான்சந்த் குழுத் தலைவர் ஆனார். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஒரே பயணத்தில் 48 ஆட்டம். நாற்பத்தெட்டிலும் வெற்றி! மொத்தம் 584 கோல். தயான்சந்த் 201 கோல் போட்டார்.

இன்று என்றால் ஒரு குழுவின் ஆட்டங்களை முதல் நாளில் இருந்து கடைசி நாள் வரை வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அன்று வெளியூரில் இருந்த ரசிகனுக்கு இருந்த வழி பத்திரிகை ஒன்றுதான். எத்தனை கோல் என்று தெரியும். எப்படிப் போட்டார் என்பது தெரியாது.

ஆகஸ்டு 15

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் வந்தது. தயான்சந்த்தான் தலைவர். ஆனால் தொடக்கமே சரியில்லை. பெர்லினில் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று இந்தியா தோற்றது. எல்லோர் முகமும் வாடிவிட்டது. உடனே இந்தியாவுக்குச் செய்தி பறந்தது. தாரா என்ற ஆட்டக்காரர் ஆகாய விமானத்தில் வந்து சேர்ந்தார்.

அங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய நாலு நாடுகளையும் வென்று இந்தியா இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே நிற்பது அதே ஜெர்மனி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்டு 15-ந் தேதி ஆட்டம் நடந்தது.

அப்போது நாம் அடிமை நாடு. ஆட்டக்காரர்கள் பிரிட்டிஷ் இந்தியக் கொடியின் கீழ்தான் ஆட வேண்டும். ஆனால் மைதானத்துக்குள் போவதற்கு முன்பு, அறைக்குள்ளே நமது மூவர்ணக் கொடியை விரித்தார்கள். எல்லோரும் அதற்கு வணக்கம் செலுத்தினார்கள். ராணுவத்தில் சம்பளம் வாங்கும் தயான்சந்தும் வணங்கினார். வெள்ளைக்காரச் சர்க்காரின் சிப்பாய் அப்படிச் செய்வது சாதாரணத் துணிச்சல் அல்ல.

முதல் பாதியில் இந்தியா ஒரே ஒரு கோல்தான் போட்டது. ஈரத் தரையில் ஓட்டம் வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு தயான்சந்த் முள் வைத்த பூட்சையும் காலுறையையும் கழற்றி எறிந்தார். பிறகு நடந்தது வேறு ஆட்டம். முடிவு 8-1. மூன்றாவது தங்கப் பதக்கம்!

சரியாக 11 வருடம் கழித்து, 1947-ல், அதே ஆகஸ்டு 15-ந் தேதி, அறைக்குள் வணங்கிய மூவர்ணக் கொடி நாடெங்கும் பறந்தது.

அவருக்குப் பிடித்த ஆட்டம்

உலக யுத்தத்தால் 1940-லும் 1944-லும் ஒலிம்பிக் நடக்கவில்லை. தயான்சந்தின் நல்ல வயது அதில் கழிந்தது. ஆனாலும் 42 வயதில் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று 22 ஆட்டங்களில் 61 கோல் போட்டார். 1948-ல் பெரிய ஆட்டங்களில் இருந்து விலகினார். 1956-ல் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றார். சிப்பாயாகச் சேர்ந்தவரை மேஜர் தயான்சந்த் என்று நாடு அழைத்தது. அதே வருடம் பத்மபூஷண் விருது கிடைத்தது.

1952-ல் அவருடைய சுயசரிதை புத்தகமாக வந்தது. அதை வெளியிட்ட ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான்!

தாம் ஆடியவற்றில் சிறந்த ஆட்டம் எது என்று அந்தப் புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவுக்கு 24 கோல் போட்டதா? இல்லை. பெர்லின் வெற்றியா? அதுவும் இல்லை.

1933-ல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் தயான்சந்தின் ஜான்சி ஹீரோஸ். மறு பக்கம் கல்கத்தா கஸ்டம்ஸ் என்ற பலமான குழு. கஸ்டம்ஸ் நெருக்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் நடுக்கோட்டின் பக்கம் தயான்சந்துக்குப் பந்து கிடைத்தது. தூரத்தில் இஸ்மாயில் என்ற கூட்டாளிக்கு வழி திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார். பந்தை நீளமாகத் தள்ளினார். இஸ்மாயில் சிட்டாய்ப் பறந்தார். கோல்! அந்த ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல்தான்.

ஆயிரமாயிரம் பேர் கோல் மன்னன் என்று புகழ்ந்த மனிதருக்கு, தாம் கோல் போடாத ஆட்டமே பெரிதாகத் தோன்றியது. பத்திரிகையின் நாலு வரியில் கோல் போட்டவர் பெயர்தான் வரும். பந்து கொடுத்தவரை நேரில் பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

மகன் போட்ட கோல்

1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பாகிஸ்தானை இந்தியா 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் அசோக்குமார். தயான்சந்தின் மகன்! அப்பாவின் ஆட்டத்தைப் பத்திரிகையில் படித்த மக்கள், மகனின் கோலை ரேடியோவில் கேட்டார்கள்.

1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி டெல்லி அகில இந்திய மருத்துவக் கழக ஆஸ்பத்திரியில் தயான்சந்த் காலமானார். அவர் ஆடிய ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது. எட்டு மாதத்துக்குள் மாஸ்கோவில் இந்தியா மறுபடி ஒலிம்பிக் தங்கம் வென்றது. தலைவர் தமிழ்நாட்டுப் பாஸ்கரன். அதைக் காணத் தயான்சந்த் இல்லை.

அவர் பிறந்த ஆகஸ்டு 29-ந் தேதி தேசிய விளையாட்டு நாள். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கு 2021-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

நாம் எப்படிப் பார்ப்பது?

தயான்சந்தைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் ஆக்கி நம் பக்கத்திலேயே இருக்கிறது. சாத்தான்குளத்தில் பஸ் ஏறித் திருநெல்வேலியில் மாறினால் கோவில்பட்டி. அங்கே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பல பாகங்களில் இருந்து குழுக்கள் வந்து ஆடியிருக்கின்றன. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். 2025-ல் இளைஞர் உலகக் கோப்பை ஆட்டங்கள் சென்னையிலும் மதுரையிலும் நடந்தன. 2024 டிசம்பரில் தொடங்கிய லீக் போட்டியில் தமிழ்நாடு டிராகன்ஸ் குழு ஆடியதைத் தூர்தர்ஷன் காட்டியது.

ஆட்டத்தைப் புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை. ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு பகுதி. மட்டையின் உருண்டையான பின்பக்கத்தால் பந்தை அடிக்கக் கூடாது. கோல் காப்பவரைத் தவிர மற்றவர் காலில் பந்து பட்டால் பெரும்பாலும் குற்றம். கோலுக்கு முன்னால் அரைவட்டம் போட்டிருக்கும். அதற்குள் இருந்து அடித்தால்தான் கோல்.

ஒரு குழுவைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆட்ட நாள் பட்டியல் பத்திரிகையில் வந்ததும் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். போகட்டும். மூன்றாவது ஆட்டத்தில் பந்து இல்லாதவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவர், யாரும் கவனிக்காத இடத்தில், பந்து வரும் என்று நம்பி ஓடிக்கொண்டிருப்பார். அவரை நீங்கள் முன்பே பார்த்துவிட்டால், கல்கத்தாவில் அன்று தயான்சந்த் கண்டதைக் கண்டுவிட்டீர்கள்.