பாலைவன லாரன்ஸின் கடல் பாடம்

அரேபியாவின் லாரன்ஸ் என்றவுடன் ஒட்டகமும் மணற்குன்றும் வெண்ணிற அங்கியுமே நம் நினைவுக்கு வரும். 1962-இல் வெளிவந்த திரைப்படம் அந்தச் சித்திரத்தை உலகெங்கும் நிலைநிறுத்திவிட்டது. ஆனால், அவருடைய வாழ்வின் கடைசி நான்கு ஆண்டுகள் அதிவேகப் படகுகளோடு கடலில் கழிந்தவை. கோட்டக்குப்பம் கடற்கரையில் வாழும் எனக்கு, அவரது போர்க்களப் புகழைவிட அந்த நான்கு ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன.

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16-இல் வேல்ஸில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று, அகழாய்வுப் பணிக்காக மேற்காசியா சென்றார். முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கேற்று கர்னலாக உயர்ந்தார். அரேபியருக்கு விடுதலை வாக்குறுதி அளித்த அதே பேரரசு, அவர்களது நிலத்தைப் பிரான்சுடன் பங்கிட்டுக்கொள்ள 1916-இலேயே ரகசிய உடன்பாடு செய்திருந்தது. அந்த வஞ்சகத்தில் தமக்கும் பங்குண்டு என்ற உறுத்தல் லாரன்ஸை விட்டு அகலவில்லை.

1922-இல் அரசுப் பதவியைத் துறந்த அவர், புனைபெயரில் வான்படையின் கடைநிலைப் பணியாளராகச் சேர்ந்தார். செய்தித்தாள்கள் அடையாளம் கண்டுகொண்டதால் வெளியேற்றப்பட்டார். சிலகாலம் தரைப்படையில் இருந்துவிட்டு, 1925-இல் ஷா என்ற பெயருடன் மீண்டும் வான்படைக்குத் திரும்பினார். 1927 தொடக்கத்தில் அன்றைய இந்தியாவின் கராச்சிக்கும், மறு ஆண்டு ஆப்கன் எல்லையை ஒட்டிய மிரான்ஷாவுக்கும் அனுப்பப்பட்டார். கடலில் அலைந்த மாலுமியின் காவியமான ஒடிசியை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியை அவர் ஏற்றது இந்தக் காலத்தில்தான். ஆப்கன் கிளர்ச்சிக்குப் பின்னணியில் அவர் இருப்பதாக வதந்தி பரவியதால், 1929 ஜனவரியில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, பிளிமத் துறைமுகத்தில் இருந்த நீர்விமானத் தளத்தில் பணியமர்த்தப்பட்டார்.

1931 பிப்ரவரி 4-இல் அந்தத் தளத்தின் அருகே நீர்விமானம் ஒன்று கடலில் விழுந்து மூழ்கியது. மீட்புக்கு விரைந்தவர்களுள் லாரன்ஸும் ஒருவர். சிலர் காப்பாற்றப்பட்டனர், பலர் மாண்டனர். அன்று வான்படையிடம் இருந்த படகுகள் நீரைப் பிளந்துகொண்டு மெல்ல ஊர்பவை. விபத்து நடந்த இடத்தை அடையும் வரை உயிர் காத்திருக்காது. வேகமும் உறுதியும் கொண்ட மீட்புப் படகு வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் அவர் வலியுறுத்தினார்.

சவுத்தாம்ப்டனை அடுத்த ஹைத் என்னும் ஊரில், ஹியூபர்ட் ஸ்காட்-பெய்ன் என்பவரின் நிறுவனம் புதுவகைப் படகுகளை உருவாக்கி வந்தது. வேகம் கூடும்போது உடல் மேலெழுந்து நீர்ப்பரப்பின் மீதே சறுக்கிச் செல்லும் படகுகள் அவை. வடிவமைத்தவர் லாரன்ஸ் அல்லர். கடலில் ஓட்டிப் பார்த்துக் குறைகளைக் கண்டறிவதும், எந்திரங்களைச் சீராக்குவதும் அவருடைய பணி. ஏறத்தாழ முப்பத்தேழரை அடி நீளமும் இரட்டை எந்திரமும் கொண்ட படகு வகைக்கு 1932-இல் அவர் ஒரு கையேடும் எழுதினார். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர், தம் பெயரைத் தேடாமல், எளிய பணியாளருக்காக எந்திரப் பராமரிப்பைத் தெளிவான நடையில் எழுதிவைத்தது போற்றத்தக்கது.

அமைதியான நீரில் வேகமாக ஓட்டுவது எளிது. கொந்தளிப்பில் வேகம் என்பது கையடக்கமே. எதிரலையில் முகடு நெருங்கும்போது வேகத்தைத் தணிக்க வேண்டும். இல்லையேல் படகு காற்றில் எழும்பி, அடிப்பாகம் நீரில் மோதிச் சிதையும். பள்ளத்தில் விசையைக் கூட்டினால்தான் அணியம் நிமிரும். பின்னிருந்து அலை வரும்போது அதை முந்திச் சென்றால் அணியம் நீருக்குள் புதையும். பின்தங்கினால் பின்புறம் தூக்கப்பட்டுப் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அலையின் முதுகிலேயே அமர்ந்து வர வேண்டும். எங்கள் கரையின் மீனவர் ஃபைபர் படகில் அலைவாய் கடக்கும் ஒவ்வொரு முறையும் செய்வது இதையேதான். அலைகளை எண்ணி, சற்றே ஓயும் கணத்தில் அவர்கள் எந்திரத்தை முடுக்குகிறார்கள். புதுச்சேரித் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்ததால் கரை அரிக்கப்பட்ட இந்தப் பகுதியில், அந்தக் கணத்தைக் கணிப்பது முன்பைவிடக் கடினம்.

1935 பிப்ரவரி 26-இல் லாரன்ஸ் ஓய்வு பெற்றார். மே 13-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, 19-ஆம் நாள் தம் 46-ஆவது வயதில் காலமானார். அவருக்குச் சிகிச்சை அளித்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெயின்ஸ் பின்னர் மேற்கொண்ட ஆய்வுகள், தலைக்கவசத்தின் தேவையை உலகுக்கு உணர்த்தின. லாரன்ஸ் வளர்த்தெடுக்க உதவிய படகு மரபில் வந்த மீட்புப் படகுகள், இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோரைக் கடலில் இருந்து மீட்டன.

2017-இல் ஒக்கி புயல் குமரி மாவட்ட மீனவர்களைக் கொண்டுபோனபோது, காணாமல்போனோரைத் தேடித் தம் படகுகளில் புறப்பட்டவர்களில் மீனவர்களும் இருந்தனர். 2018-இல் கேரள வெள்ளத்தில் லாரிகளில் படகுகளை ஏற்றிச் சென்று மக்களைக் காத்தவர்களும் மீனவர்களே. ஆனால், அவர்களின் அறிவு இன்னும் எழுத்தில் ஏறவில்லை. அவர்களுக்கு மீட்புப் பணியில் முறையான இடமும் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட நம் கடற்கரையில், குறித்த தொலைவுக்கு ஒன்றாக அதிவேக மீட்புப் படகை நிறுத்தி, அதை அந்தந்தக் கரையின் மீனவரிடமே ஊதியத்துடன் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் சொல்லக் கேட்டு, ஒவ்வொரு கரையின் அலைவாய்க்கும் தமிழில் ஒரு கையேடு எழுதப்பட வேண்டும். கர்னல் பட்டத்தை உதறியவர் கடைநிலைப் பணியாளராக இருந்து செய்த வேலையை, ஓர் அரசு செய்ய இயலாதா என்ன?