தச்சர் கண்ட கடிகாரம்

நடுக்கடலில் மரக்கலம் செலுத்துவோர் தாம் நிற்கும் இடம் எதுவென அறிதல் வேண்டும். வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தொலைவு வந்துள்ளனர் என்பதைக் கதிரவனையும் விண்மீன்களையும் கொண்டு அளந்துவிடலாம். கிழக்கு மேற்குத் தொலைவைக் காட்டும் தீர்க்கரேகையை அறிவதுதான் அரிதாக இருந்தது. 1707 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையின் கப்பல்கள் நான்கு, தம் இடம் அறியாமல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714 இல் ஆங்கிலப் பாராளுமன்றம், தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கணித்துக் காட்டுவோர்க்கு 20,000 பவுன் பரிசு என்று அறிவித்தது.

புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருக்குமாயின், அதனைக் கப்பல் நிற்கும் இடத்து நண்பகலோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கூறிவிடலாம். அரைப் பாகை என்பது 2 நிமிடமே. ஆறு வாரப் பயணத்தில் அக்கடிகாரம் நாளொன்றுக்கு 3 வினாடிக்கு மேல் பிழைபடலாகாது. அத்தகைய கடிகாரம் அமையுமோ என நியூட்டனே ஐயுற்றார்.

அதனை அமைத்தவர் ஜான் ஹாரிசன் என்னும் தச்சர். அவர் 1693 இல் யார்க்சயரில் ஃபௌல்பி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையாரிடம் தச்சுத் தொழில் பயின்றார். கடிகாரத் தொழிலைத் தாமே கற்றார். இருபது வயதை எட்டும் அளவில், சக்கரங்களையும் மரத்தாலேயே கடைந்து ஒரு கடிகாரம் செய்து முடித்தார்.

ஊசற் கடிகாரங்களுக்குப் பெரும்பகை வெப்பமே என்பதை ஹாரிசன் கண்டார். உலோகம் சூடேறினால் நீளும், குளிர்ந்தால் குறுகும். சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சி மாட்டுவது இவ்வியல்பு கருதியே. ஊசல் நீண்டால் அதன் ஆட்டம் தளரும். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி, வெப்பம் 10 பாகை செல்சியஸ் மிகும்போது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே நீளும். ஆயினும் அச்சிறு நீட்சியால் கடிகாரம் நாளொன்றுக்கு 5 வினாடி பிந்திவிடும்.

உலோகம் விரிவதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆகவே ஒரு விரிவைக் கொண்டே மற்றொரு விரிவை அழிக்க அவர் எண்ணினார். எஃகு இரண்டு பங்கு விரியுமிடத்துப் பித்தளை ஏறக்குறைய மூன்று பங்கு விரியும். 1726 ஆம் ஆண்டளவில் எஃகுக் கம்பிகள் ஐந்தையும் பித்தளைக் கம்பிகள் நான்கையும் மாறிமாறி இணைத்து ஓர் ஊசல் செய்தார். எஃகு குண்டைக் கீழே இறக்க, பித்தளை அதனை அதே அளவு மேலே உயர்த்திற்று. ஊசலின் நீளம் மாறவில்லை.

ஆனால் அலைமோதும் கப்பலில் ஊசல் ஒழுங்காக ஆடாது. ஆதலின் வேறு வகைக் கடிகாரங்களை அமைக்கலானார். 1736 இல் முதற் கடிகாரம் லிஸ்பன் நகர் வரை சென்று மீண்டது. திரும்பும் வழியில் கப்பலோர் கணக்குப் பிழையென்றும் ஹாரிசன் கணக்கே சரியென்றும் தெரிந்தது. எனினும் அவர் மனநிறைவு கொள்ளவில்லை. மூன்றாம் கடிகாரம் ஒன்றிற்கே ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் செலவிட்டார். அதில் பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் ஒன்றாகத் தறைந்து வைத்தார். சூடேறினால் பித்தளை மிகுதியாக நீள்வதால் அவ்விரட்டைத் தகடு வளையும். வளைந்து, சுருள்வில்லைத் தக்கவாறு திருத்தும். இன்று மின்சார இஸ்திரிப் பெட்டியில் சூட்டை மட்டுப்படுத்த அமைவதும் இவ்வகைத் தகடே.

நான்காம் கடிகாரம் 13 சென்டிமீட்டர் குறுக்களவே உடையது. 1761 இல் அவர் மைந்தர் வில்லியம் அதனை ஜமைக்காவுக்குக் கொண்டு சென்றார். 81 நாள் கழித்துக் கணக்கிட்டபோது பிழை 5 வினாடியே! ஆயினும் தீர்க்கரேகைக் குழுவினர் பரிசளிக்க இசையவில்லை. அவருள் சிலர் திங்களின் இயக்கங்கொண்டு கணிக்கும் முறையையே விரும்பினர். 1764 இல் பார்படோசுத் தீவுக்குச் சென்ற இரண்டாம் பயணத்திலும் கடிகாரம் வென்றது. அதன் பின்னும் நுட்பங்களை எல்லாம் வெளிப்படுத்துமாறு பணித்துப் பாதித் தொகையே ஈந்தனர். பிழைபடாத கருவியை ஆக்கியவர், அதனை நம்புமாறு பிறரை இறைஞ்ச வேண்டியதாயிற்று.

முதுமையில் அவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடினார். மன்னர் 1772 இல் அவருடைய ஐந்தாம் கடிகாரத்தைத் தாமே சோதித்துத் தெளிந்தார். 1773 இல் பாராளுமன்றம் மேலும் 8,750 பவுன் வழங்கிற்று. அப்போது ஹாரிசனுக்கு வயது எண்பது. நான்காம் கடிகாரத்தின் படியொன்றைக் காப்டன் குக் தம் கடற்பயணத்தில் கொண்டு சென்று, 1775 இல் அதன் சிறப்பைப் போற்றித் திரும்பினார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாரிசன் இலண்டன் மாநகரில் மறைந்தார்.