கற்றவர்க்குக் கற்பித்தவர்

பட்டம் பெற்றவுடன் கல்வி முடிந்துவிடுகிறதா? இவ்வினாவிற்கு விடை கூறும் வாழ்வு ஒன்றினை இங்கே காண்போம். அது மகப்பேறு மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் அவர்களின் வாழ்வு.

ஹங்கேரி நாட்டின் புடா நகரில், வணிகக் குடும்பமொன்றில், 1818ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் அவர் பிறந்தார். வியன்னாவில் சட்டம் பயிலச் சென்றவர் மருத்துவத்தை நாடினார். 1844இல் பட்டம் பெற்றார். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராக அமர்ந்தார்.

அம்மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846இல் முதற்பிரிவுத் தாய்மாருள் நூற்றுக்குப் 11 பேர் மாண்டனர். இரண்டாம் பிரிவிலோ மூவருக்கும் குறைவு. முதற்பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாவெனத் தாய்மார் மன்றாடினர். அக்காட்சி அவர் உறக்கத்தைக் கெடுத்தது.

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெட்ச்கா, பிணச் சோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டதால் நோயுற்று இறந்தார். பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மாரிடம் கண்ட அதே குறிகள் அவருடலிலும் தென்பட்டன. பிணம் அறுத்த கைகளோடு தாய்மாரைச் சோதித்ததே கேட்டிற்குக் காரணம் என்பதைச் செம்மல்வைஸ் உணர்ந்தார். மே திங்கள் முதல் அனைவரும் சலவைத்தூள் கரைசலில் கைகழுவ வேண்டுமென ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, சூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

அவர் அத்துடன் அமையவில்லை. அக்டோபரில், சீழ் வடியும் புற்றுநோயுற்ற ஒரு பெண்ணைச் சோதித்த பின், அக்கரைசலில் கைகழுவாமலே வரிசையாகச் சோதிக்கப்பெற்ற 12 தாய்மாருள் 11 பேர் மாண்டனர். உயிருள்ள நோயாளியிடமிருந்தும் நஞ்சு பரவும் என்பதை அறிந்த அவர், ஒவ்வொருவரையும் சோதிக்குமுன் கைகழுவுமாறு தம் விதியைத் திருத்தினார். கற்பித்தவரே மீண்டும் கற்றார்.

ஆயினும் உடன் பணியாற்றியோருட் பலர் ஏற்கவில்லை. ஏற்பின், தம் கைகளே உயிர் கொன்றன என ஒப்ப வேண்டுமன்றோ! 1849இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. பெஸ்ட் நகருக்குச் சென்று அங்கும் தாய்மாரைக் காத்தார். ஆனால், தம் கண்டுபிடிப்பை முழு நூலாக வெளியிட 1861 வரை காலம் தாழ்த்தினார். மறுத்தோரைக் கொலைஞர் எனச் சாடினார். உண்மை அவர் பக்கம் இருந்தது. அதனைப் பிறர் மனங்கொள்ள எடுத்துரைக்கும் பொறுமையோ இல்லாதாயிற்று. மனம் நலிந்த அவர், 1865 ஆகஸ்டு 13ஆம் நாள் வியன்னாவில் மனநோயர் காப்பகமொன்றில், காயம் சீழ்பிடித்து இறந்தார். அகவை 47. பின்னர் வந்த கிருமி ஆய்வுகள் அவர் கூற்றை மெய்ப்பித்தன.

இன்று மகப்பேற்று மனைகளிலும் குடும்பநல நிலையங்களிலும் பணியாற்றும் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் பணியிடைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பிரசவம் பார்ப்பதாயினும், கருத்தடை வளையம் பொருத்துவதாயினும், அங்கே முதற்பாடம் கை தூய்மையே. பலகாலம் பணியாற்றியோர்க்கு இனி எதற்குப் பயிற்சி என்று கேட்போருக்கு, செம்மல்வைஸின் வாழ்வையே நாம் விடையாகத் தருவோம். அன்று கற்க மறுத்தோர் கல்லாதவர் அல்லர், பேராசிரியர்கள். அவர்தம் மறுப்பிற்கு விலை கொடுத்தவர்களோ தாய்மார்கள்.