கதிர் மழையை எண்ணிய மேதை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட துணிகளை மாலையில் எடுக்கும்போது, அம்மா ஒருமுறை உதறிப் பார்ப்பார். உதிர்வது வெளிர்ச் சாம்பலானால், அன்று எண்ணூர்ப் பக்கத்துக் காற்று. கறுப்புக் கரியானால், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைப் பக்கத்துக் காற்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவருக்கு, கீழே விழுந்ததைக் கொண்டு எங்கோ நடந்ததை அறியும் வித்தை தெரியும். இதே வித்தையை வானத்தின்மேல் செலுத்தி, அதைக் கணிதமாக்கிய இந்தியர் ஒருவர் உண்டு. அவரே டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

இந்திய அணுசக்தியின் தந்தை என்று பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திருக்கிறோம். ஆயின் அணு உலைகளுக்கு முன்பே அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை, விண்ணிலிருந்து இடைவிடாது பூமிமீது பொழியும் காஸ்மிக் கதிர்கள். அந்தப் பாபாவையே நான் நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன்.

1909 அக்டோபர் 30 அன்று பம்பாயில் ஒரு செல்வப் பார்சிக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். டாட்டா குடும்பத்தோடு நெருங்கிய உறவு. இசையும் ஓவியமும் நூல்களும் நிறைந்த வீடு. மகன் இங்கிலாந்தில் பொறியியல் படித்துத் திரும்பி, ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பம். 1927-இல் கேம்பிரிட்ஜ் சென்ற இளைஞருக்கோ இயற்பியலின்மேல் தீராத காதல். பொறியியல் தமக்குரிய துறையன்று என்று தந்தைக்குக் கடிதம் எழுதினார். தந்தை ஒரு நிபந்தனை விதித்தார்: முதலில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறட்டும், பிறகு விரும்பியதைப் படிக்கலாம். 1930-இல் பாபா முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொல் காத்தார்.

இவ்விடத்தில் என் கதையையும் சிறிது சொல்ல வேண்டும். என் தந்தை லாரி ஓட்டுநர். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, ஏதேனும் ஓர் ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்பது அவர் விருப்பம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் ஒரு நிபந்தனை விதித்தார்: ஒரு தாளிலும் தவறாமல் தேறினால் ஆலைப் பேச்சை எடுக்க மாட்டார். அவர் தம் சொல்லைக் காக்க ஆயத்தமாகவே இருந்தார். நான்தான் துணைப்பாடக் கணிதத்தில் அரியர் வைத்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் நம் நூலகத்தில் பாபாவின் வரலாறு கைக்குக் கிடைத்தது.

பாபா செய்த சாதனை என்ன? விண்ணிலிருந்து வரும் ஒரு கதிர், வளிமண்டலத்தில் நுழைந்ததும் எப்படி நூறாக, ஆயிரமாகப் பெருகித் தரையை அடைகிறது என்பது அந்நாளில் புதிராக இருந்தது. ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியைவிட்டு வெளியேறியிருந்த வால்டர் ஹைட்லரோடு சேர்ந்து, 1937-இல் பாபா விடை கண்டார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கார்ல்சன், ஓப்பன்ஹைமர் இருவரும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். அவ்விடை இதுதான்: ஆற்றல் மிக்க காமா கதிர் ஒன்று காற்றின் அணுக்கருவை நெருங்கும்போது, ஓர் எலெக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் மாறுகிறது. அவை ஒவ்வொன்றும் வேறு அணுக்கருக்களை நெருங்கிப் புதிய காமா கதிர்களை உமிழ்கின்றன. அவை மறுபடி இணைகளாகின்றன. இப்படியே இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, பங்கிடப் போதிய ஆற்றல் இல்லாமல் போகும்வரை பெருக்கம் தொடர்கிறது, பின் தேய்கிறது. எனவே கீழே வந்து சேர்ந்த துகள்களை எண்ணினால், மேலே நுழைந்த ஒற்றைக் கதிரின் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். துணியில் விழுந்த தூளைக் கண்டு காற்றின் திசை சொல்வதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை அன்றோ!

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரை உலகப் போர் தடுத்து நிறுத்தியது. சர் சி. வி. இராமன் இயற்பியல் துறையில் வீற்றிருந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவொன்றை அங்கே நிறுவினார். 1941-இல், 31 வயதிலேயே, ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். போர் முடிந்ததும் வெளிநாடு திரும்பியிருந்தால் ஒரு தனி மேதையாக மட்டும் நின்றிருப்பார். அவரோ 1944 மார்ச்சில் டாட்டா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதி, இந்நாட்டிலேயே உயர்தர ஆய்வு நிலையம் வேண்டும் என்று வாதாடினார். 1945-இல் டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகம் பிறந்தது. பம்பாயில் அதன் முதல் இருப்பிடம், உறவினருடைய பங்களாவின் ஒரு பகுதியே.

அக்கழகத்தின் விஞ்ஞானிகள், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கச் சென்றோர் ஏராளமாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலும், நம் உதகை மலையின் உயரத்திலும் கருவிகளை நிறுவினர். உதகையில் அப்பணி இன்றும் நடக்கிறது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்கூடம், காற்றில் பெருகி இறங்கும் துகள்களை இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

துகள்களை எண்ணுவதோடு, அவை விட்டுச்செல்லும் ஒளியையும் காணலாம். காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைந்து பாயும் எலெக்ட்ரான்கள், செரன்கோவ் ஒளி என்னும் மங்கிய நீல ஒளியைச் சிந்துகின்றன. அது நீடிப்பது ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே. இங்கிலாந்தில் கால்பிரெய்த், ஜெல்லி என்னும் இருவர் அதை முதன்முதலில் பிடித்தது, ஒரு குப்பைத்தொட்டிக்குள் கண்ணாடி பொருத்தித்தான்! 1953-இல் அதனை வெளியிட்டனர். 1969-இல் உதகையில் நம்மவர்கள் பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகளைக் கொண்டே அவ்வொளியைத் தேடத் தொடங்கினர்.

அதைக் காண பாபா இல்லை. 1966 ஜனவரி 24 அன்று, அவர் பயணம் செய்த ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 56 வயதில் அம்மேதை மறைந்தார். அடுத்த ஆண்டே, 1967-இல், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் விண்ணில் ஒரு விந்தையான காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. 1973-இல்தான் உலகுக்கு அது தெரிந்தது. பெரும் விண்மீன் ஒன்று தன்னுள் சரிந்து மடியும்போதோ, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போதோ இத்தகைய வெடிப்புகள் நிகழ்கின்றன என்று இன்று அறிகிறோம்.

அவற்றின் மிகு ஆற்றல் கதிர்களைத் தரையிலிருந்து பிடிக்க நெடுங்காலம் முயன்றனர். 2019 ஜனவரி 14 அன்று ஒரு செயற்கைக்கோள் அறிவித்த வெடிப்பை நோக்கி, கேனரித் தீவுகளின் மேஜிக் தொலைநோக்கிகள் ஒரு நிமிடத்திற்குள் திரும்பின. 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து வந்த கதிர்கள் அவற்றில் சிக்கின. நம் கண் காணும் ஒளித்துகளைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு ஆற்றல் உடையவை அவை! 2022 அக்டோபர் 9 அன்று சீனாவின் லாசோ ஆய்வுக்கூடம், ஒரே வெடிப்பிலிருந்து வந்த 60,000-க்கும் மேற்பட்ட இத்தகைய கதிர்களைப் பதிவு செய்தது. இவற்றுள் ஒரு கதிர்கூட நேராகத் தரையைத் தொட்டதில்லை. தொட்டவை, பாபாவும் ஹைட்லரும் காகிதத்தில் எழுதிக் காட்டிய பெருக்கத்தின் வழித்தோன்றல்களே. பாபாவின் பெயர் தாங்கிய அணு ஆய்வு மையம் லடாக்கின் ஹான்லேயில், 21 மீட்டர் அகல மேஸ் தொலைநோக்கியை நிறுவியுள்ளது. 2024 அக்டோபரில் அது திறந்து வைக்கப்பட்டது.

பாபாவுக்குச் செல்வம் இருந்தது, உறவு இருந்தது, கேம்பிரிட்ஜ் இருந்தது. உனக்கு என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அது உறுத்தியது. ஆயினும் பாபா தமக்குத் திறந்த கதவைத் தமக்குப்பின் சாத்திக்கொள்ளவில்லை. அவர் கட்டிய நிலையங்களில் அவரைப் போன்ற செல்வர்கள் மட்டுமா பணிபுரிகின்றனர்? தேர்வெழுதி நுழைய ஒரு வாசலேனும் அங்கு உண்டு.

நம் ஆய்வகத்தில் ஜி.எம். கவுண்டரை இயக்கிக் காட்டிய பேராசிரியர், கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்காமலே அது டிக், டிக் என்று ஒலிப்பதைக் கேட்கச் செய்தார். அவ்வொலிகளுள் சில, எங்கோ விண்ணில் புறப்பட்ட கதிர்களின் பேரப்பிள்ளைகள். மான்ட் பிளாங்கிலும் ஹான்லேயிலும் பொழியும் அதே மழை, நம் திருவொற்றியூர் மாடியிலும் பொழிகிறது. அதற்கு ஏழை பணக்காரன் என்ற பேதமில்லை. அதை எண்ணக் கற்றவன், கல்லாதவன் என்ற பேதமே உண்டு. எண்ணுவதற்கோ கணிதம் வேண்டும்.

அரியர் தாளுக்குப் பணம் கட்டிவிட்டேன். அப்பா கொடுத்த பணம்தான். கொடுக்கும்போது அவர் ஆலைப் பேச்சை எடுக்கவில்லை.