மணலில் எழுதிப் படித்த வெள்ளைக்காரர்

பாடம் சொல்ல வந்தவர், முதலில் மாணவராக உட்கார்ந்தார். அவர்தான் சீகன்பால்கு.

ஜெர்மனி தேசத்துப் புல்ஸ்னிட்ஸ் நகரில் 1682-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். உடம்பும் பலவீனம்.

டென்மார்க் அரசருக்கு அப்போது தூர தேசங்களில் துறைமுகப் பட்டணங்கள் இருந்தன. மேற்கே கரிபியன் கடலில் சார்லட் அமாலியா. கிழக்கே நம் தரங்கம்பாடி. மதபோதகராக இவரை முதலில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பத்தான் எண்ணினார்கள். பிறகு ஆப்பிரிக்கா என்றார்கள். முடிவில் தரங்கம்பாடி என்றாயிற்று!

ஏழு மாதக் கப்பல் பயணம். 1706 ஜூலை 9-ல் வந்து சேர்ந்தார். வயது 23.

ஊரார் பேசுவது ஒன்றும் புரியவில்லை. முதிய தமிழ் வாத்தியார் ஒருவரை அணுகினார். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, தமிழ் கற்றார். விரைவிலேயே தமிழில் பேசினார், எழுதினார்.

டேனிஷ் கவர்னருக்கும் அவருக்கும் மனவேற்றுமை வளர்ந்தது. 1708-ல் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்ததும் பணியைத் தொடர்ந்தார்.

இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகளும் கப்பலில் வந்தன. அந்த எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதமோ குறைவு. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

1719-ல், 36 வயதில் காலமானார். தாம் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். சார்லட் அமாலியாவும் 1917-ல் அமெரிக்காவின் கைக்குப் போயிற்று. ஆட்சி போனாலும், மணலில் எழுதிப் படித்தவரின் பெயர் தமிழ் அச்சின் வரலாற்றில் நிலைத்துவிட்டது.